சுவருக்குள் ஓடிய இஞ்சின்

சுடுதண்ணீர் டாங்கியைக் கூரைமேல் ஏற்றிப் பூட்டிய மறுவாரமே குழாய்கள் தட்டத் தொடங்கிவிட்டன. வெயில் இறங்கி, துறைமுகப் பக்கமிருந்து காற்று திரும்புகிற நேரம் அது. முதலில் சுவருக்குள் யாரோ நகத்தால் சுண்டுவதுபோல டிக், டிக் என்று கேட்கும். பிறகு கொஞ்சம் ஓய்ந்திருந்து, மரச்சுத்தியலால் ஓங்கி அடித்த மாதிரி ஒரு 'டொங்'. குசினிச் சுவரில் மாட்டியிருக்கும் அகப்பைகள்கூட ஒருமுறை ஆடி நிற்கும்.

முதல் நாள் அந்தச் சத்தம் வந்தபோது இரத்தினேஸ்வரி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். விறாந்தைக் கதிரையில் இருந்த அவளுடைய கணவர் கோணாமலை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மெயின் பெயரிங் போகுது," என்றார். "இப்ப நிப்பாட்டாட்டி தண்டு முறியும். ஆர் கீழ நிக்கிறது?"

இரத்தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இஞ்சின் ஒண்டும் இல்லையப்பா. மேல வச்ச டாங்கியின்ர பைப் தான். இருந்து தேத்தண்ணியக் குடியுங்கோ."

அவர் இருந்தார். ஆனால் கோப்பையைத் தொடவில்லை. இருட்டும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோணாமலை திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகின் இஞ்சின் டிரைவராக இருந்தவர். மாவுக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ உள்ளே வந்தால், அதைத் தள்ளியும் இழுத்தும் இறங்குதுறை மேடையில் சேர்ப்பது அந்தச் சின்னப் படகுதான். படகின் அடித்தளத்தில், காது செவிடாகும் இரைச்சலுக்கு நடுவே, தன் இளமை முழுவதையும் கழித்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மறதி வந்தது. முதலில் சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு நோர்வேயில் இருக்கும் மகன் தனுசனின் பிள்ளைகளின் பெயர்கள் மறந்தன. ஒருநாள் தனுசனே மறந்துபோனான். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். திரும்ப விரியுமா என்று இரத்தினேஸ்வரி கேட்டாள். டொக்டர் இல்லையென்று தலையசைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது அவரைக் குளிக்க வைப்பதுதான். பச்சைத்தண்ணீர் மேலில் பட்டால் கடலில் விழுந்தவர்போலக் கத்தினார். கையையும் காலையும் வீசினார். அயல் வீட்டுக் கீர்த்தனி ஓடி வந்து, வாளியையும் அழுதுகொண்டு நிற்கும் இரத்தினேஸ்வரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் தனுசன் வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் டாங்கியை வாங்கிப் பூட்டுவித்தான். அது உதவியது. இளஞ்சூட்டுத் தண்ணீர் தலையில் விழுந்ததும் கோணாமலை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். அவள் முதுகு தேய்க்கையில், "இன்னும் கொஞ்சம்," என்று சொன்னார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் தன்னிடம் ஒன்றைக் கேட்டார் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் குளியல் வேண்டும் என்றால் இந்தச் சத்தத்தையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

"அம்மா, அது பெரிய விசயம் இல்ல," என்றான் தனுசன் போனில். "எங்கட வீட்டு ஹீட்டரும் குளிர் தொடங்கினா இப்பிடித்தான். பைப் எல்லாம் தட்டும், ஊளையிடும். நாங்க பழகிட்டம்."

"நான் பழகிடுவன் தம்பி. அப்பாவுக்கு ஏலாது."

டாங்கி பூட்டியவர்களைக் கேட்டாள். சூட்டுக்குழாய் என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு பின்னேரம் அவள் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. தெருவாசல் படலை திறந்து கிடந்தது. அவள் தெருவுக்கு ஓடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அதற்குள் சாரமும் பெனியனுமாகக் கோணாமலை இருந்தார். துறைமுக வாசலில் போய் நின்று, தன்னை உள்ளே விடும்படி காவல்காரர்களிடம் சிங்களத்தில் சண்டை பிடித்திருக்கிறார். படகுக்கு ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அடிக்கவோ திட்டவோ இல்லை. முகவரியை எப்படியோ விசாரித்து ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

"என்ர போட்டுக்கு என்னை விடயில்ல," என்று அவர் அவளிடம் முறையிட்டார். கண் நிறைந்திருந்தது. "என்ர போட் தானே அது."

மறுநாள் படலைக்குப் பூட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் குழாய் தட்டத் தொடங்கியதும் அவர் படலையைப் பிடித்து உலுக்குவார். தெருவால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் அவளுக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று.

"அது இஞ்சின் இல்ல! பைப்! வெறும் பைப்!" என்று அவருடைய காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினாள்.

கோணாமலை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். அவளும் பக்கத்தில் குந்தினாள். அவருடைய முதுகைத் தடவினாள். "ஓம், நிப்பாட்டச் சொல்லுறன், நிப்பாட்டச் சொல்லுறன்," என்றாள்.

அடுத்த நாள் கிண்ணியாவிலிருந்து அபூதாஹிரை வரச்சொன்னாள். கிணற்று மோட்டருக்கு முன்பு குழாய் பூட்டித் தந்தவர் அவர். மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து, ஏணியை வைத்துக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் தலையை விட்டுப் பார்த்தார்.

"அக்கா, சூடாகினா பைப் நீளும். ஆறினா சுருங்கும். இத அசையவிடாம இறுக்கிப் பூட்டி இரிக்காங்க. இறுகி நிண்டு நிண்டு, விடுபடக்குள்ளதான் அடிக்குது."

"நிப்பாட்டலாமா தம்பி?"

"பாப்பம்."

குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டிகளைத் தளர்த்தி, சைக்கிள் ரியூப்பை வெட்டி இடையில் வைத்தார். கோணாமலை ஏணியடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு மேலே பார்த்தபடி கட்டளை கொடுத்தார்.

"எண்ணெய் அமுக்கம் எவ்வளவு காட்டுது?"

அபூதாஹிர் குனிந்து இரத்தினேஸ்வரியைப் பார்த்தார். அவள் கையால் சைகை காட்டினாள்.

"சரியா இரிக்கி ஐயா," என்றார் அவர்.

"பில்டரக் கழுவினியா?"

"கழுவிட்டன் ஐயா."

கோணாமலை திருப்தியோடு தலையாட்டினார். வீட்டில் ஒருவரோடு அப்படி ஒழுங்காக அவர் கதைத்து எவ்வளவோ காலம். இரத்தினேஸ்வரி குசினிக்குள் போய்ச் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டிக் டிக் சத்தம் குறைந்தது. ஆனால் டொங் நிற்கவில்லை. இரண்டாவது தடவை வந்து, குழாயில் காற்று அடைத்திருக்கலாம் என்று நினைத்து, டாங்கிக்குப் பக்கத்தில் காற்று வெளியேற ஒரு குழாயை நட்டுவிட்டுப் போனார். அதற்கும் சத்தம் அடங்கவில்லை. அவருக்கே அலுத்துவிட்டது. "எனக்குப் பிடிபடுதில்ல அக்கா, வேற ஆளையும் காட்டிப் பாருங்க," என்றார். பிறகு அவராகவே ஒரு காலைநேரம் வந்து, கூரைக்கும் குளியலறைக்கும் நடுவே குழாய் சுவரைத் துளைத்து இறங்கும் இடத்தை உடைத்துப் பார்த்தார். குழாயைச் சுற்றிச் சீமெந்தை அப்பிக் கல்லாக்கி வைத்திருந்தார்கள். அதைக் கொத்தி எடுத்து, துளையைப் பெரிதாக்கி, குழாய்க்கு மேலே தளர்வான ஒரு பெரிய குழாயை உறைபோல விட்டார். கோணாமலை உளி விழும் ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்தார்.

அன்று பின்னேரம் அபூதாஹிர் போகாமல் நின்றார். சரியாக வந்ததா என்று பார்க்காமல் போக மனமில்லை என்றார். மூன்று பேரும் விறாந்தையில் இருந்தார்கள். வெயில் சாய்ந்தது. மதில் நிழல் முற்றத்தைத் தாண்டிக் கிணற்றடிவரை நீண்டது. டாங்கியின் தகடு மினுங்குவது நின்றது. காகங்கள் கூடு திரும்பின. சுவர் பேசாமல் நின்றது.

"நிண்டுட்டுது," என்று இரத்தினேஸ்வரி மெதுவாகச் சொன்னாள். உரத்துச் சொன்னால் திரும்ப வந்துவிடுமோ என்று பயந்தாள். "தம்பி, நிண்டுட்டுது!"

அபூதாஹிர் சிரித்தார். அவள் தேத்தண்ணி போட எழுந்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிக் கால் இலேசாக நடந்து கனநாள்.

அவள் தட்டோடு திரும்பி வந்தபோது கோணாமலை எழுந்து நின்றுகொண்டிருந்தார். வலது கையைச் சுவரில் விரித்து வைத்திருந்தார்.

"கேக்குதா?" என்றார்.

அவள் அபூதாஹிரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"ஐயா, ஒண்டும் கேக்கல்ல."

கோணாமலை அவரை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. "உனக்கு இஞ்சினத் தெரியாது," என்றார். பிறகு படலையை நோக்கி நடந்தார்.

இரத்தினேஸ்வரி தட்டைக் கதிரையில் வைத்தாள். குழாயை யாரும் திருத்தலாம், சத்தம் குழாயில் இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. அபூதாஹிர் ஏணியை எடுத்து மதிலோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

கிளினிக்கில் குளிசை மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். அவர் பகலெல்லாம் தூங்கினார், வாயோரம் வடிந்தது, ஆனால் பின்னேரமானதும் எழுந்துவிட்டார். அவள் வேறு வழி தேடினாள். ஒருநாள் அவர் சுவரில் கையை வைத்ததும், "நான் கீழ போய் நிப்பாட்டிட்டு வந்தனான்," என்றாள். அவர் அவளை உற்றுப்பார்த்து, "நல்லது," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அவளால் நம்பவே முடியவில்லை. மறுநாளும் அது பலித்தது. அதற்கடுத்த நாள் பலிக்கவில்லை. "நீங்க ஆர் நிப்பாட்ட?" என்று கேட்டார்.

இப்போது சத்தம் அவருக்குப் பின்னேரம் மட்டுமல்ல, எந்த நேரமும் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் ஒரு மணி. வெயில் தகித்த நாள். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குளியலறைப் பக்கம் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் சீறும் சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர் தம்முடைய பழைய ஸ்பானரை எங்கிருந்தோ தேடி எடுத்து, சூட்டுக்குழாயின் பொருத்தைக் கழற்றியிருந்தார். காலையிலிருந்து வெயிலில் கொதித்த தண்ணீர் ஆவியோடு பீறிட்டுக்கொண்டிருந்தது. கோணாமலை விலகி நிற்கவில்லை. உள்ளங்கையை அந்த வாயில் வைத்து அழுத்தி அடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவருடைய விரல்களுக்கு இடையால் பாய்ந்து முழங்கைவரை வழிந்தது. தோல் வெளுத்து உரிந்து வருவது அவளுக்குத் தெரிந்தது.

"விடுங்கோ! கைய எடுங்கோ!"

"வால்வ மூடு!" என்று அவர் கத்தினார். வலியால் அல்ல, இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தினார். "பொடியள் கீழ நிக்கிறாங்கள்! நான் விட்டா அவங்கள் அவிஞ்சு போவாங்கள்! வால்வ மூடு!"

அவள் பின்னாலிருந்து அவருடைய இடுப்பைக் கட்டி இழுத்தாள். கொதிதண்ணீரில் அவளுடைய பாதங்கள் வெந்தன. அவர் அசையவில்லை. அந்த வயதிலும் அவருக்கு அவ்வளவு பலம் இருந்தது. அவளுடைய அலறல் கேட்டு மதிலேறி வந்த கீர்த்தனி, வெளியே இருந்த வால்வைத் தேடிப் பிடித்து மூடினாள். தண்ணீர் ஓய்ந்த பிறகுதான் அவர் கையை எடுத்தார். அதைத் தூக்கிப் பார்த்தார், யாருடையதோ கை என்பதுபோல.

"எல்லாரும் மேல வந்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் இரத்தினேஸ்வரி. "எல்லாரும் வந்திட்டாங்கள்."

ஆஸ்பத்திரியில் அவர் கட்டுகளை இழுத்து அவிழ்த்ததால், நல்ல கையையும் கால்களையும் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். அவள் வெந்த காலோடு நொண்டி நொண்டிப் போய்ப் பக்கத்தில் இருந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அவர் ஒழுங்காக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "போதும் மிஸ்," என்றார். நேர்ஸ்மாரை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் திருத்தவில்லை.

அவர்கள் வீடு திரும்பிய அன்றே அபூதாஹிர் வந்து, கூரையில் ஏறி டாங்கியைக் கழற்றி இறக்கினார். "நான் அந்தப் பொருத்த இன்னும் இறுக்கி இரிக்கணும் அக்கா," என்றார்.

"நீங்கள் என்ன செய்வீங்கள் தம்பி. அவர் கழட்டத் தெரிஞ்ச மனுசன்."

தனுசன் ஒரு இடம் பார்த்திருந்தான். வெருகல் தாண்டி மட்டக்களப்புப் பக்கம், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம். இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறார்களாம். "அம்மா, உங்களால தனிய ஏலாது," என்று ஒவ்வொரு நாளும் சொன்னான். அவள் ஒவ்வொரு நாளும் மறுத்தாள். நீ வந்து பார், பிறகு சொல் என்றாள். லீவு கிடைக்கவில்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவனைக் கோபிக்கவும் வழியில்லாமல் இருந்தது.

ஒருநாள் அவள் குப்பை கொட்ட வெளியே போனபோது அவர் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டார். தட்டினாள். கெஞ்சினாள்.

"ஆர் அது?"

"நான் தான். இரத்தினம். கதவத் திறவுங்கோ."

உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"அப்பிடி ஒருத்தரும் இந்த போட்டில இல்ல," என்றார்.

கீர்த்தனியின் புருசன் வந்து யன்னலை உடைத்தான். உள்ளே கோணாமலை புண் கையின் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, அந்தக் கையாலேயே ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவரெங்கும் ஈரமான சிவப்புத் தடம். அன்று இரத்தினேஸ்வரி மகனுக்குப் போன் எடுத்து, "சரி," என்றாள்.

போகிற நாளன்று அவரை எப்படி வெளிக்கிடுத்துவது என்று பயந்திருந்தாள். கடைசியில் அவர் விரும்புகிறதையே சொன்னாள்.

"போட்டக் கரையில ஏத்தியிருக்காம். பெயரிங் மாத்தப் போகினமாம். உங்களை வரட்டாம்."

அவருடைய முகம் மலர்ந்தது. அவள் அப்படியொரு முகத்தைக் கலியாணத்துக்குப் பிறகு சில தடவைதான் பார்த்திருக்கிறாள். தானே போய் அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சேட்டை எடுத்தார். கட்டுப்போட்ட கையைச் சேட்டுக் கைக்குள் அவள் மெதுவாக நுழைத்துவிட்டாள். குசினியில் சுடவைத்த தண்ணீரில் துவாயை நனைத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டாள். அவர் மறுப்பில்லாமல் நின்றார். வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் போகும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வயல்களைப் பார்த்து, "கடல் அமைதியாக் கிடக்கு," என்றார்.

இல்லம் சுத்தமாக இருந்தது. முற்றத்தில் வேப்பமரம் நின்றது. வயதான ஒரு கன்னியாஸ்திரி வந்து அவருடைய நல்ல கையைப் பிடித்தார்.

"வாங்கோ ஐயா, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

கோணாமலை இரண்டு அடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ், நீங்க வரயில்லையா?"

"நீங்க போங்கோ. நான் பிறகு வாறன்."

"சத்தம் காதை அடைக்கும்," என்று எச்சரித்தார் அவர். "காதுக்குப் பஞ்சு வைச்சுக்கொண்டு வாங்க."

அவள் தலையாட்டினாள். அவர் உள்ளே போகும்வரை நின்றாள். போன பிறகும் நின்றாள். ஒரு இளம் கன்னியாஸ்திரி வந்து, இங்கேயே நின்றால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்று சொன்ன பிறகே வெளியே வந்தாள்.

வான் வண்டியை வந்திறங்கியதுமே அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. வாகரையில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் அமர்ந்தாள். மடியில் ஒரு கூடை கத்தரிக்காய் வைத்திருந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் கதை கொடுத்தாள்.

"தூரமா போய் வாறீங்க?"

"அவர வேலைக்கு விட்டிட்டு வாறன்," என்றாள் இரத்தினேஸ்வரி.

"இந்த வயசிலயும் வேலைக்குப் போறாரா? என்ன வேலை?"

இரத்தினேஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பஸ் வெருகல் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பலகைகளும் யன்னல் கண்ணாடிகளும் கடகடவென்று ஆடின. அந்தப் பெண் கூடையை இறுக்கிப் பிடித்தபடி, நனைந்திருந்த அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு வேறெதுவும் கேட்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.